முளைப்பாரி இருட்டில்தானே உயருது, அப்போ வெயில் செடிக்குத் தடையா?

ஆகஸ்ட் 6, 2023 (கேள்வி)

அண்ணாச்சி, எங்க ஊர் அம்மன் கோயில் கொடைக்கு முளைப்பாரி போட்டிருக்காங்க. முக்கூடல் பக்கம். அறைக் கதவைத் தேவையில்லாமல் திறக்கவே விடுறதில்லை. ஒரு வாரத்துல பயறு முழ உயரம் வந்துட்டு. அதே பயறை எங்க வீட்டு முற்றத்துல வெயில் படப் போட்டேன், நாலு விரக்கடைகூட வரலை. வெயில்தான் செடிக்குச் சாப்பாடுன்னு பள்ளிக்கூடத்துல படிச்சோம். அப்போ வெயில் வளர்ச்சியைத் தடுக்குதா? உரக்கடையில கேட்டா "அதெல்லாம் ஹார்மோன் சமாச்சாரம்"னு சொல்லி ஜிப்ரலின் பாட்டில் ஒண்ணு எடுத்து வைக்கிறார். நாற்றுக்கு அடிக்கச் சொல்றார். வாங்கலாமா?

ஆகஸ்ட் 6, 2023, இரவு

பாட்டிலை வாங்க வேண்டாம் தம்பி. கோயில் அறையில் யாரும் எதையும் ஊற்றவில்லை.

முற்றத்துப் பயறையும் அறைப் பயறையும் வேரோடு பிடுங்கி, மண்ணை அலசி, நன்றாகக் காயவைத்து எடை போட்டுப் பாருங்கள். உயரமாக நின்றதுதான் எடை குறைவாக இருக்கும். விதைத்த பயறின் எடையைவிடவும் குறைவாக இருக்கும், ஏனென்றால் இருட்டில் அது புதிதாக எதையும் சம்பாதிக்கவில்லை. பருப்பில் இருந்த கையிருப்பைக் கரைத்துத்தான் இத்தனை உயரம்.

விதை சாதாரணமாக மண்ணுக்கு அடியில் முளைப்பது. கையிருப்பு தீர்வதற்குள் வெளிச்சத்தை எட்டியாக வேண்டும். அதனால் இலையை விரிக்காது, பச்சையம் செய்யாது, இருப்பதை எல்லாம் தண்டை நீட்டுவதில் போடும். இருட்டறையில் இருக்கிற பயறு தான் இன்னும் மண்ணுக்குள் இருப்பதாகவே நடந்துகொள்கிறது. இதை நடத்தும் ஹார்மோன்களில் முக்கியமானவை ஜிப்ரலினும் பிராசினோஸ்டீராய்டும். தண்டை நீளவிடாமல் பிடித்து வைக்கும் டெல்லா என்ற புரதங்கள் செடிக்குள் உண்டு. ஜிப்ரலின் நிறைய இருந்தால் அந்தப் புரதங்கள் அழிந்துபோகும், தண்டு நீளும். வெளிச்சம் பட்டதும் ஜிப்ரலின் குறைந்து டெல்லா சேரும், தண்டு நிதானப்படும், இலை விரியும். பிராசினோஸ்டீராய்டு செய்ய முடியாத ஒரு கடுகுக் குடும்பச் செடியை 1990களில் இருட்டில் வளர்த்துப் பார்த்தார்கள். இருட்டிலும் அது வெயிலில் நிற்பதுபோலக் குட்டையாக, இலையை விரித்துக்கொண்டு வந்தது.

ஆக, வெளிச்சம் தண்டின் நீளத்தைத் தடுக்கிறது என்பது சரி. செடியின் வளர்ச்சியைத் தடுக்கிறது என்பது சரியில்லை. முளைப்பாரியை ஆற்றுக்குக் கொண்டு போகிற அன்று கவனித்துப் பாருங்கள். காலையில் அறையிலிருந்து எடுக்கும்போது வெளிர் மஞ்சள். வெளியே வந்த சில மணி நேரத்திலேயே பச்சை ஏறத் தொடங்கிவிடும்.

ஆகஸ்ட் 7, 2023

"கதவு ஓரத்துச் சட்டியில் மட்டும் பயறு எல்லாம் கதவுப் பக்கமாகச் சாய்ந்திருக்கு, அம்மன் வாசலைப் பார்க்கிறாள்னு ஆச்சி சொல்றாங்க" என்று எழுதியிருக்கிறீர்கள். ஆச்சி சொல்வதை நான் மறுக்கப் போவதில்லை. கதவு இடுக்கில் வெளிச்சம் வருகிறது, அதுவும் உண்மை.

இந்தச் சாய்வைப் பிடித்துக்கொண்டுதான் செடி ஹார்மோன் என்ற விஷயமே தொடங்கியது. 1880இல் சார்லஸ் டார்வினும் அவர் மகன் பிரான்சிஸும் ஒரு புல் வகையின் முளையை எடுத்து, நுனிக்கு மட்டும் தொப்பி மாதிரி மூடி போட்டார்கள். முளை சாயவில்லை. நுனியை விட்டுவிட்டு அடிப்பாகத்தை மூடினார்கள். சாய்ந்தது. வளைகிற இடம் கீழே, ஆனால் வெளிச்சத்தை உணர்கிற இடம் நுனி. அப்படியானால் நுனியிலிருந்து கீழே ஏதோ ஒன்று போகிறது. அது ஒரு பொருள்தான் என்று பிடித்துக் காட்டியவர் நெதர்லாந்தைச் சேர்ந்த பிரிட்ஸ் வென்ட். 1926இல் ஓட்ஸ் முளையின் நுனியை வெட்டி அகர் என்ற கடற்பாசிக் கூழ்த் துண்டின்மேல் வைத்தார். அப்புறம் நுனியைத் தூக்கிப் போட்டுவிட்டு, அந்த அகர் துண்டை மட்டும் நுனி இழந்த முளையின் ஒரு ஓரத்தில் வைத்தார். இருட்டிலேயே முளை எதிர்ப்பக்கமாக வளைந்தது. அதுதான் ஆக்சின்.

வெளிச்சம் ஒரு பக்கம் வந்தால் ஆக்சின் நிழல் பக்கத்துக்கு நகரும். நிழல் பக்கத்துச் செல்கள் கூடுதலாக நீளும். அந்தப் பக்கம் நீண்டால் தண்டு எந்தப் பக்கம் சாயும்? வெளிச்சப் பக்கம்.

ஆகஸ்ட் 8, 2023

"கதவை ஒரு நிமிஷம் திறந்தாலும் பாரி கெட்டுப் போகும்" என்று பெரியவர்கள் சொல்வதில் விஷயம் இருக்கிறது. செடிக்குள் பைட்டோகுரோம் என்று ஒரு நிறமி உண்டு. வெயிலில் இருக்கிற சிவப்பு வெளிச்சம் கொஞ்ச நேரம் பட்டாலே விழித்துக்கொண்டு, வெளியே வந்துவிட்டோம் என்று தண்டை நிதானப்படுத்தும், அதைத் தாண்டிய தொலைசிவப்பு பட்டால் மறுபடி தூங்கிவிடும். 1952இல் அமெரிக்காவில் பெல்ட்ஸ்வில் ஆராய்ச்சி நிலையத்தில் லெட்டூஸ் கீரை விதைகளுக்குச் சிவப்பு, தொலைசிவப்பு என்று மாற்றி மாற்றிக் காட்டினார்கள். எத்தனை முறை மாற்றினாலும் கடைசியாகக் காட்டிய நிறம் எதுவோ அதன்படிதான் விதை முளைத்தது.

இது நாற்றங்காலுக்கும் பொருந்தும். இலை சிவப்பைத் தின்றுவிட்டுத் தொலைசிவப்பை வெளியே விட்டுவிடும். நெருக்கி விதைத்தால் ஒவ்வொரு நாற்றும் பக்கத்து இலையிலிருந்து வரும் தொலைசிவப்பைப் பார்த்து, நிழலில் மாட்டிக்கொண்டோம் என்று நீளத் தொடங்கும். வெடவெடவென்று உயர்ந்த நாற்றைப் பார்த்து "நல்லா வந்திருக்கு" என்று சந்தோஷப்படுகிறவர்கள் இங்கே நிறைய. நடவு வயலில் அதுதான் முதலில் துவளும். விதையளவைக் குறையுங்கள்.

ஆகஸ்ட் 12, 2023

கடையத்திலிருந்து ஒரு நண்பர், "ஜிப்ரலின் செடியிலேயே இருக்கிற இயற்கைப் பொருள்தானே, கொஞ்சம் அடித்தால் என்ன கெடுதல்?" என்று கேட்கிறார். இதற்கு விரிவாகவே எழுத வேண்டும்.

ஜிப்ரலினைக் கண்டுபிடித்ததே ஒரு நெல் நோயிலிருந்து. ஜப்பானில் அந்த நோய்க்குப் பெயர் பக்கானே. நோய் வந்த நாற்று மற்றவற்றைவிட உயரமாக, மெலிந்து, வெளிறிப்போய் நிற்கும். பிறகு சாய்ந்து சாகும், பிழைத்தாலும் பதர்தான். 1926இல் குரோசாவா என்பவர், அந்த நோயை உண்டாக்கும் பூஞ்சையை வளர்த்த நீரை வடிகட்டி, பூஞ்சையே இல்லாத அந்த நீரை மட்டும் நாற்றுக்கு விட்டார். நாற்று அதே மாதிரி நீண்டது. நீளவைக்கும் பொருளைப் பூஞ்சை சுரக்கிறது என்று தெரிந்தது. 1935இல் யபுட்டா அதற்கு ஜிப்ரலின் என்று பெயர் வைத்தார். செடிகளும் அதைத் தாங்களே செய்கின்றன என்பது அதற்குப் பிறகுதான் தெரிய வந்தது.

அப்படியே இன்னொரு பக்கம் பாருங்கள். 1966இல் வந்த ஐ.ஆர்.8 நெல் ஏன் அத்தனை விளைந்தது? குட்டையாக இருந்ததால். உரம் போட்டாலும் சாயவில்லை. பழைய நெட்டை ரகங்களுக்கு யூரியா போட்டால் கதிர் பிடிக்கிற நேரத்தில் மொத்தமும் படுத்துவிடும். ஐ.ஆர்.8 குட்டையானதற்குக் காரணமான மரபணுவை 2002இல் அடையாளம் கண்டார்கள். ஜிப்ரலினைச் செய்யும் ஒரு நொதி அதில் பழுதாகி இருந்தது. அதாவது தண்டில் ஜிப்ரலின் குறைந்ததால்தான் நெல் நிமிர்ந்து நின்றது. நம் அம்பாசமுத்திரம் நெல் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து வந்த அம்பை 16 குட்டை ரகம்தான். இத்தனை பேர் பாடுபட்டு ஜிப்ரலினைக் குறைத்து ஒரு பயிரைக் கையில் கொடுத்திருக்கும்போது, நாம் காசு கொடுத்து அதை மறுபடி ஊற்றி நீட்டப் பார்க்கிறோம். எனக்கு இது பொறுக்கவில்லை.

விதையில்லாத் திராட்சைக்கு ஜிப்ரலின் கொடுக்கிறார்கள், பழம் பெருக்கிறது. அங்கே அதற்கு வேலை இருக்கிறது. எந்தப் பயிர், எந்த உறுப்பு, எந்த நாள், எத்தனை அளவு என்று எல்லாம் தெரிந்து கொடுப்பது அது. நாற்றங்காலுக்கு அப்படி ஒரு தேவையே கிடையாது.

ஆகஸ்ட் 20, 2023

பணகுடியிலிருந்து ஒருவர்: "எங்க பக்கம் ஆடிக் காற்றில் எல்லா மரமும் கட்டையாய், ஒரே பக்கம் சாய்ந்து நிற்குது. மண் சரியில்லையா?"

மண்ணைக் குறை சொல்ல வேண்டாம். ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று வருகிற இடம், காற்றாலைகளை அங்கே கொண்டுவந்து நட்டதே அதனால்தான். ஆடிக்கொண்டே இருக்கும் தண்டு உயரத்தைக் குறைத்துப் பருமனைக் கூட்டும். தினமும் கையால் தடவிக் கொடுத்தாலே செடி குட்டையாகும் என்று 1973இல் ஜாஃப் என்பவர் எழுதினார். இதில் எத்திலீன், ஜாஸ்மோனேட் என்ற ஹார்மோன்களுக்குப் பங்கு உண்டு. அதனால் புதுக்கன்றுக்குக் கம்பு ஊன்றும்போது இறுக்கிக் கட்டாதீர்கள். கொஞ்சம் ஆடட்டும். ஆடாமல் வளர்ந்த கன்று, கட்டை அவிழ்த்த மறுமாதமே முறியும்.

செப்டம்பர் 3, 2023

ஜாஸ்மோனேட் என்று எழுதியதும் இரண்டு பேர் பிச்சிப்பூவா என்று கேட்டுவிட்டார்கள். ஆமாம், 1962இல் மல்லிகை எண்ணெயிலிருந்துதான் முதலில் பிரித்தார்கள், வாசனைப் பொருளாக. சங்கரன்கோவில் பூச்சந்தையில் நம்மைச் சூழ்கிற வாசனையில் அதுவும் ஒரு பங்கு. செடிக்கு அது அபாய அறிவிப்பு. புழு கடித்தால் ஜாஸ்மோனேட் ஏறும், ஏறினால் புழுவின் செரிமானத்தைக் கெடுக்கும் புரதங்களை இலை செய்யத் தொடங்கும். 1990இல் ஒரு சோதனை: ஜாஸ்மோனேட் ஆவியை இயல்பாகவே விடும் ஒரு புதர்ச்செடியின் கிளையைத் தக்காளிச் செடியோடு ஒரே அறையில் அடைத்து வைத்தார்கள். யாரும் கடிக்காமலேயே தக்காளி அந்தப் புரதங்களைச் செய்தது.

செப்டம்பர் 17, 2023

முருங்கை நுனி கிள்ளுவது பற்றி. செடி முக்கால் மீட்டர் உயரம் வந்ததும் கிள்ளச் சொல்கிறார்கள், நானும் அப்படித்தான் செய்கிறேன். நுனிக் குருத்தில் உண்டாகும் ஆக்சின் தண்டு வழியாகக் கீழே இறங்கிக்கொண்டே இருக்கும். அது இறங்குகிற வரை பக்க மொட்டுகள் தூங்கும். நுனியைக் கிள்ளினால் அந்த வரத்து நிற்கும், பக்கக் கிளைகள் வெடிக்கும். கிளை கூடினால் காய் கூடும். மல்லிகைக்குக் கவாத்து செய்வதிலும் இதுதான் நடக்கிறது.

கிள்ளாமல் விட்ட முருங்கை துறட்டி எட்டாத உயரத்தில் போய் நுனியில் நாலு காய் காய்க்கும். பக்கத்துத் தோட்டத்தில் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனசு கேட்பதில்லை. கிள்ள ஒரு கை போதும், செலவு எதுவும் இல்லை.

அக்டோபர் 22, 2023

பிசானப் பருவத்துக்கு விதை நெல் முளைகட்டுகிறோம். வீரவநல்லூர், கன்னடியன் கால்வாய்ப் பாசனம். வேலைக்கு நடுவில் எழுதுகிறேன், சுருக்கமாக.

முந்தைய ஜிப்ரலின் குறிப்போடு இதையும் சேர்த்துப் படியுங்கள். தண்டில் அதைக் குறைக்க வேண்டும் என்று எழுதினேன். விதைக்குள் அது இல்லாமல் ஒன்றும் நடக்காது. நெல்லை ஊறவைத்ததும் முளைக்கரு ஜிப்ரலினைச் சுரக்கிறது. அது அரிசியைச் சுற்றியிருக்கும் மெல்லிய தவிட்டு அடுக்குக்குப் போகிறது. அந்த அடுக்கு அமைலேஸ் என்ற நொதியை உள்ளே விடுகிறது. மாவு சர்க்கரையாகிறது, முளை அதைத் தின்று வளர்கிறது. முளைகட்டிய நெல்லை வாயில் போட்டால் இனிப்பது இதனால்தான்.

எதிர்ப்பக்கம் இழுப்பது அப்சிசிக் அமிலம். அது விதையைத் தூங்க வைக்கும். அறுத்தவுடன் சில ரகங்கள் முளைக்காமல் அடம்பிடிப்பதற்கு அதுதான் காரணம், கொஞ்ச காலம் வைத்திருந்தால் தானாக அடங்கும். அந்தத் தூக்கம் போதாத ரகமாக இருந்து, அறுப்பு நேரத்தில் மழையும் பிடித்துக்கொண்டால் கதிரிலேயே முளைத்துவிடும். விதைக்கு உறக்கம் வேண்டாம் என்று நினைப்பவர்கள் ஒரு முறை அப்படி முளைத்த கதிரைப் பார்த்தால் போதும்.

நவம்பர் 19, 2023

இது கோபத்தில் எழுதுகிறேன். சங்கரன்கோவில் பக்கம் என் மாமனார் வீட்டுக் கரிசல் நிலத்தில் பருத்தி. பக்கத்துப் பிஞ்சையில் மக்காச்சோளம். அவர் களைக்கு 2,4-டி அடித்திருக்கிறார், காற்று எங்கள் பக்கம் வீசியிருக்கிறது. பருத்தி இலை எல்லாம் அகலம் போய், விரல் விரலாகக் குறுகி, நரம்பு தூக்கிக்கொண்டு வருகிறது. வெள்ளை ஈ கொண்டுவரும் வைரஸ் என்று சொல்லி ஒருவர் மருந்து எழுதிக் கொடுத்துவிட்டார். வாங்கவில்லை.

2,4-டி என்பது செயற்கை ஆக்சின். 1940களில் வந்தது. முளையைச் சாய வைக்கிற, மொட்டைத் தூங்க வைக்கிற அதே ஆக்சினின் வேலையை இது அளவு மீறிச் செய்கிறது. அகன்ற இலைச் செடிகள் இதைச் சமாளிக்க முடியாமல் தாறுமாறாக வளர்ந்து சாகும். நெல், சோளம் மாதிரிப் புல் இனங்கள் தாங்கிக்கொள்ளும். பருத்தி இதற்கு ரொம்ப மென்மையான பயிர், மிகச் சிறிய அளவே போதும்.

அதே பருத்தியில் சப்பையும் (பூமொட்டும்) பிஞ்சும் உதிராமல் இருக்க என்.ஏ.ஏ. அடிக்கச் சொல்கிறார்கள். அதுவும் செயற்கை ஆக்சின்தான். இலைக்காம்பும் காய்க்காம்பும் தண்டோடு சேருகிற இடத்தில் ஒரு உதிர்ப்படுக்கு இருக்கிறது. மேலிருந்து ஆக்சின் வந்துகொண்டிருந்தால் அது விழிக்காது. வரத்து குறைந்து எத்திலீன் ஏறினால் அறுந்துவிடும். அதனால் சரியான நேரத்தில் சொட்டு அளவில் கொடுத்தால் காய் நிற்கும்.

ஒன்று காயை நிறுத்துகிறது, மற்றது செடியைக் கொல்கிறது. இரண்டும் ஒரே குடும்பம். கடையில் எதையும் "டானிக்" என்று சொல்லிக் கொடுத்தால் நான் கலங்குவது இதனால்தான். தழைச்சத்து கொஞ்சம் கூடினால் பயிர் கரும்பச்சையாகும், பூச்சி வரும், பார்த்துக்கொள்ளலாம். ஹார்மோனில் அளவு பத்து மடங்கு மாறினால் நடப்பதே வேறாகிவிடும்.

களைக்கொல்லிக்குத் தனித் தெளிப்பான் வைத்துக்கொள்ளுங்கள். கழுவிவிட்டோம் என்று நம்பி அதே டேங்கில் பருத்திக்கு மருந்து கலக்காதீர்கள்.

நவம்பர் 20, 2023

கேட்டவர்களுக்கு: பருத்திச் செடிகளைப் பிடுங்கவில்லை. புதிதாக வரும் இலை எப்படி இருக்கிறது என்று பார்த்துத்தான் முடிவு.

டிசம்பர் 24, 2023

எல்லோரும் நலமா? கரண்ட் இல்லை, போன் இல்லை, இன்றுதான் எழுத முடிகிறது. 17, 18 தேதிகளில் பெய்தது மழையே இல்லை, வானம் இடிந்து விழுந்தது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். தாமிரபரணி இரண்டு கரையும் புரண்டு, வயலும் ஆறும் ஒன்றாகக் கிடந்தது. வாழை போய்விட்டது. நடவு முழுக்க மூழ்கியது.

மூழ்கிய நெல்லைப் பற்றி நிறையப் பேர் கேட்டிருப்பதால் எழுதுகிறேன்.

செடி எப்போதும் கொஞ்சம் எத்திலீன் வாயுவை வெளியே விட்டுக்கொண்டிருக்கும். தண்ணீருக்குள் வாயு கலைவது காற்றில் கலைவதைவிடப் பத்தாயிரம் மடங்கு மெதுவு. அதனால் மூழ்கிய செடிக்குள் எத்திலீன் தேங்கும். நெல் மூழ்கியதைத் தெரிந்துகொள்வது இப்படித்தான். தெரிந்ததும் பெரும்பாலான ரகங்கள் அப்சிசிக் அமிலத்தைக் குறைத்து, ஜிப்ரலினுக்கு வழிவிட்டு, தண்ணீருக்கு மேலே தலை தூக்க நீளத் தொடங்கும். ஆழ்நீர் நெல் ரகங்கள் இதில் கெட்டிக்காரர்கள், மீட்டர் கணக்கில் நீளும். அதற்கான மரபணுக்களை 2009இல் ஜப்பானில் கண்டார்கள். வெள்ளம் மாதக்கணக்கில் நிற்கிற ஊர்களுக்கு அது சரி. நம் வெள்ளம் சில நாளில் வடிகிற வெள்ளம். நீண்ட நாற்று கையிருப்பைக் காலி செய்திருக்கும், தண்ணீர் வடிந்ததும் நிற்க பலமில்லாமல் படுத்துவிடும்.

ஒடிசாவின் ஒரு பழைய ரகம் வேறு வழியில் போகிறது. எத்திலீன் தேங்கியதும் சப்-1ஏ என்ற மரபணு வேலை செய்து, நீளுவதையே நிறுத்திவிடும். அசையாமல், செலவு செய்யாமல், இரண்டு வாரம் வரை தண்ணீருக்கடியில் காத்திருக்கும். இந்த மரபணுவைப் பிரித்தது 2006இல். அதைச் சேர்த்த சி.ஆர்.1009 சப்-1 நம் மாநிலத்திலேயே கிடைக்கிறது. நாள் கூடிய ரகம், எல்லா வயலுக்கும் ஒத்துவராது. ஆனாலும் ஆற்றை ஒட்டிய பள்ள வயல் வைத்திருப்பவர்கள் அடுத்த பிசானத்துக்கு யோசியுங்கள்.

இப்போது செய்ய வேண்டியது: முதலில் தண்ணீரை வடியுங்கள். உடனே யூரியாவைக் கொட்டாதீர்கள். புதுக் குருத்து வெளியே தெரிந்த பிறகு மேலுரம். "தூக்கிவிட" என்று யாராவது வளர்ச்சி ஊக்கி விற்றால், நீண்டு களைத்துப்போன பயிரை இன்னும் நீட்டுகிற வேலை அது. காசை வைத்துக்கொள்ளுங்கள், இந்த மாதம் நமக்குக் காசு வேண்டும்.

ஜனவரி 13, 2024

பொங்கல் கரும்போடு பனங்கிழங்கும் வந்துவிட்டது. உடன்குடிப் பக்கத்துக் கிழங்கு, நல்ல பருமன்.

பனங்கொட்டையைப் பாத்தியில் எப்படிப் போட்டாலும், தலைகீழாகவே கிடந்தாலும், முளை நேரே கீழேதான் போகும். மேலே வராது. கருவைச் சுமந்துகொண்டு ஆழத்துக்கு இறங்கும் அந்த முளைதான் கிழங்கு உண்டாகிற வழி. தேரிக்காட்டு மணலில் மேல்மண் கொதிக்கும், அடியில்தான் ஈரம். பனை தன் பிள்ளையை முதலில் ஈரத்துக்கு அனுப்பிவிட்டு அப்புறம்தான் இலையை மேலே விடுகிறது.

கீழ் எது என்று முளைக்கு எப்படித் தெரியும்? வேர் நுனியில் சில செல்களுக்குள் கனமான மாவு மணிகள் இருக்கின்றன. அவை எந்தப் பக்கம் விழுந்து கிடக்கின்றனவோ அது கீழ். வேரைப் படுக்க வைத்தால் மணிகள் உருண்டு புதுக் கீழ்ப்பக்கத்துக்கு வரும், ஆக்சினும் அந்தப் பக்கமாகத் திருப்பிவிடப்படும். இனிமேல்தான் முக்கியம். முளைப்பாரித் தண்டில் ஆக்சின் சேர்ந்த பக்கம் நீண்டது என்று ஆகஸ்டில் எழுதினேன். வேரில் ஆக்சின் சேர்ந்த பக்கம் நீளுவது குறையும். அதனால்தான் படுக்க வைத்த செடியின் தண்டு மேலே திரும்புகிறது, வேர் கீழே திரும்புகிறது. இரண்டிலும் ஆக்சின் கீழ்ப்பக்கம்தான் சேர்ந்தது. கேட்கிற உறுப்பு வேறு.

ஜனவரி 28, 2024

கிள்ளுவதைப் பற்றிய செப்டம்பர் குறிப்புக்கு ஒரு சேர்க்கை. நீளமான தண்டில் நுனியை வெட்டினால், தூரத்திலுள்ள மொட்டு, அங்கே ஆக்சின் குறைவதற்கு முன்னாலேயே விழிக்கத் தொடங்குகிறது. 2014இல் பட்டாணியில் பார்த்தார்கள். நுனி போனதும் அது தின்றுகொண்டிருந்த சர்க்கரை பக்க மொட்டுகளுக்கு ஓடுகிறது, மொட்டை முதலில் தட்டி எழுப்புவது அந்தச் சர்க்கரைதான். ஆக்சின் குறைவது அதன்பின் கிளையைத் தொடர்ந்து வளரவிடுகிறது. வேரிலிருந்து வரும் சைட்டோகைனின் என்ற ஹார்மோன் மொட்டை எழுப்பும், ஸ்டிரைகோலாக்டோன் என்ற இன்னொரு ஹார்மோன் அமுக்கும்.

தோட்டத்தில் இதற்கு ஒரு அர்த்தம் உண்டு. வாடிக்கிடக்கிற செடியைக் கிள்ளினால் கிளை வெடிக்காது, அனுப்பச் சர்க்கரையே இல்லை. தண்ணீர் விட்டு, நாலு நல்ல இலை இருக்கும்போது கிள்ளுங்கள்.

மே 5, 2024

மாம்பழம் வந்துவிட்டது, கார்பைடு சண்டையும் வந்துவிட்டது.

பழுக்க வைப்பது எத்திலீன். வாழை, மா, சப்போட்டா எல்லாம் முற்றிய காயாகப் பறித்தாலும் எத்திலீன் பட்டால் பழுக்கும், பழுக்கத் தொடங்கியதும் தாமே நிறைய எத்திலீன் விடும். ஒரு தாரில் ஒரு சீப்பு பழுத்தால் மற்றது தொடர்வது அதனால்தான். களக்காட்டுப் பக்கம் ஏத்தன் தாரையும் செவ்வாழையையும் அறையில் அடுக்கிப் புகைமூட்டம் போடுவார்கள். புகையில் எத்திலீன் உண்டு. தாத்தாமார்களுக்கு வேதியியல் பெயர் வேண்டியிருக்கவில்லை, எத்தனை நேரம் மூட்டம், எப்போது திறப்பது என்ற கணக்கு கையில் இருந்தது. எத்திலீன் செடியை மாற்றும் என்று தெரிந்தது 1901இல். நெல்ஜுபோவ் என்ற ரஷ்யர், விளக்கு எரிக்கும் வாயு கசிந்த அறையில் பட்டாணி முளைகள் குட்டையாக, தடித்து, படுத்து வளர்வதைப் பார்த்து எத்திலீனைப் பிடித்தார். பழமே எத்திலீன் விடுகிறது என்று நிரூபித்தது 1934இல், ஆப்பிளில்.

கார்பைடு கல்லில் இருந்து வருவது அசிட்டிலீன். எத்திலீன் மாதிரியே நடிக்கும், ஆனால் வலு குறைவு. அதோடு ஆர்சனிக், பாஸ்பீன் கழிவும் சேர்ந்து வரும். அதனால்தான் தடை. எத்திலீன் வாயுவை 100 பிபிஎம் (பத்து லட்சத்தில் 100 பங்கு) வரை பயன்படுத்த அனுமதி இருக்கிறது. இரண்டையும் ஒன்றாக்கி "கெமிக்கல் பழம்" என்று திட்டுவது, சட்டப்படி எத்திலீன் அறை வைத்து நேர்மையாகப் பழுக்கவைக்கும் வியாபாரிக்குச் செய்கிற அநியாயம்.

புளியங்குடி எலுமிச்சைக்கு இது பொருந்தாது. எத்திலீன் பட்டால் தோல் மஞ்சளாகும், உள்ளே சாறு கூடாது, பழுக்காது. மரத்திலேயே முற்ற விடுங்கள்.

ஜூன் 9, 2024

"திசு வளர்ப்பு வாழைக்கன்று வாங்கலாமா, ஹார்மோன் போட்டுச் செய்ததாமே?" ஆமாம், போட்டுத்தான் செய்கிறார்கள். குருத்துத் துண்டைச் சத்துக்கூழில் வைத்து, சைட்டோகைனின் கூட்டினால் குருத்தாகப் பெருகும், ஆக்சின் கூட்டினால் வேர் விடும். இந்த விகிதக் கணக்கை 1957இல் ஸ்கூக்கும் மில்லரும் புகையிலையில் கண்டார்கள். அதற்கு வெகு முன்னாலேயே, 1941இல், ஊமத்தைக் கருவை ஆய்வகத்தில் வளர்க்கத் திணறியவர்கள் தேங்காய்த் தண்ணீர் ஊற்றி வளர்த்தார்கள். அதில் இருக்கும் சைட்டோகைனினுக்கும் அதில் பங்கு உண்டு. கன்று வயலுக்கு வருகிற நேரத்தில் ஊற்றியது ஒன்றும் மிஞ்சாது, பயப்பட வேண்டாம். வெள்ளத்தில் வாழை போனவர்களுக்கு நோயில்லாத கன்று ஒரே சமயத்தில் கிடைக்க இதுதான் வழி.

தேமோர் கரைசல் பற்றியும் கேட்டார்கள். நான் அடிக்கிறேன், பூ நேரத்தில் நன்றாகவே இருக்கிறது. கையில் இருக்கிற தேங்காயும் மோரும், அளவு தவறினாலும் செடியைக் கொல்லாது.

ஜூன் 23, 2024

முதல் கேள்வி கேட்ட தம்பி இப்போது மரமுருங்கை வைக்கப் போகிறாராம். வேர் விடும் பவுடர் வேண்டுமா என்று கேட்கிறார்.

முருங்கைப் போத்துக்கு (நடுகிற கிளைக்கு) வேண்டாம். பவுடரில் இருப்பது ஐ.பி.ஏ. என்ற ஆக்சின். பிச்சி மாதிரி வேர் விடத் தயங்கும் குச்சிகளுக்கு அது உதவும். முருங்கைக் கிளையில் இருக்கிற ஆக்சினே போதும். அது எப்போதும் நுனியிலிருந்து அடியை நோக்கியே நகரும், கிளையை வெட்டிய பிறகும் தலைகீழாகத் திருப்பினாலும் அந்தத் திசை மாறாது. அடிவெட்டில் போய்த் தேங்கும், அங்கே வேர் விடும். அதனால் மரத்தில் கீழ்ப்பக்கமாக இருந்த முனையே மண்ணுக்குள் போக வேண்டும். வெட்டும்போதே அடிமுனையைச் சரிவாகவும் மேல்முனையைத் தட்டையாகவும் வெட்டிவிடுங்கள், குவியலில் குழப்பம் வராது. மேல்வெட்டில் பசுஞ்சாணியை அப்புங்கள், காயாது. குழியில் தண்ணீர் நிற்கக் கூடாது. தளிர் வந்ததும் வேர் வந்துவிட்டது என்று ஆட்டிப் பார்க்காதீர்கள். முதல் தளிர் கிளையில் இருக்கிற கையிருப்பில் வருவது, வேர் அதற்குப் பின்னால்தான் வரும்.